அம்மா எடுத்த படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் நாங்கள் குடியிருந்த காலத்தில் அம்மா எடுத்த படங்களை 2011இல் ஸ்கேன் செய்யத் தொடங்கினேன். அதைக் கேள்விப்பட்டு உறவுக்காரர்கள் தங்கள் வீட்டு ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் அவர்களுடைய நண்பர்கள் வந்தார்கள், அப்புறம் முன்பின் தெரியாதவர்களும். எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பாதி எங்கள் வீட்டுப் படங்களைப் பற்றி, மீதி அவரவர் வீட்டுப் படங்களைப் பற்றி. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

போட்டோ எடுக்கும் ஆசை உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

அம்மாவிடமிருந்து. ஆனால் அம்மா எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. கேமராவைத் தொடக்கூட விட்டதில்லை. எனக்குக் கிடைத்தது ஆல்பம்தான்.

ட்ரங்குப் பெட்டியின் அடியில், கூறைப்புடவைக்குக் கீழே அது இருக்கும். கறுப்பு அட்டைத் தாள்கள், இடையிடையே சிலந்திவலை அச்சுப் போட்ட பட்டர் பேப்பர், படத்தின் நான்கு முனைகளிலும் செருகிய குட்டி மூலைகள். முழுப்பரீட்சை லீவில் ஒருநாள் வெளியே வரும். கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தால்தான் புரட்டலாம்.

அதில் 1974இல் எடுத்த ஒரு படம். அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, கொல்லைப்புறத்தில் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து மாவாட்டிக்கொண்டிருக்கிறாள். முதுகு மட்டும்தான் தெரிகிறது. கொண்டை, வலது தோளில் விழுந்த வெயில், பக்கத்தில் ஊறவைத்த உளுந்துச் சட்டி. எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. கை மட்டும் இல்லை. குழவியைச் சுற்றி வெள்ளைப் புகை மாதிரி ஒரு வளையம். எனக்குப் பத்து வயது இருக்கும். “அம்மா, அப்பாயி கை ஏன் அழிஞ்சு போயிருக்கு?” என்று கேட்டேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “அழியல. ஆட்டிக்கிட்டு இருக்காங்க” என்றாள்.

அந்தப் பதிலுக்குப் பிறகு ஆல்பத்தை முதல் தாளிலிருந்து மறுபடி புரட்டினேன். எந்தப் படத்தில் எது அசைகிறது என்று தேடினேன். தென்னை ஓலை, சித்தப்பாவின் சைக்கிள் சக்கரம், தம்பியின் கால். அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை.

அப்பாயியின் முகம் ஏன் அந்தப் படத்தில் இல்லை?

போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று அப்பாயி நம்பினாள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்த நம்பிக்கைதான். மூன்று பேர் சேர்ந்து நிற்கக்கூடாது என்பது இன்னொன்று. எங்கள் ஆல்பத்தில் மூன்று பெரியவர்கள் நிற்கும் படத்தில் எல்லாம் நாலாவதாக ஒரு கைக்குழந்தை இருக்கும். சில சமயம் அது பக்கத்து வீட்டுக் குழந்தை.

அப்பாயி அம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள்: “என் மூஞ்சியப் புடிக்காத.” அம்மா, “சரி அத்தை, உங்க மூஞ்சி ஆல்பத்துல வராது” என்று வாக்குக் கொடுத்தாள். வரவும் இல்லை. முதுகு, கை, வாசலில் கழற்றிய செருப்பு, கொடியில் காயும் சேலை என்று அப்பாயி ஆல்பம் முழுக்க இருக்கிறாள், முகம் இல்லாமல்.

1981இல் அப்பாயி இறந்தபோது மாலை போடப் படம் இல்லை. சித்தப்பா கல்யாணத்தில் கட்டாயத்துக்காக நின்ற ஒரு குரூப் போட்டோவில் கடுகளவு முகம் இருந்தது. அதை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினார்கள். தெரியாத இடத்தையெல்லாம் தூரிகையால் நிரப்பி, கண்ணை வரைந்து கொடுத்தார்கள். அப்பா அதைத்தான் கூடத்தில் மாட்டினார். அது அப்பாயி மாதிரி இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

அம்மா வைத்திருந்தது என்ன கேமரா?

அக்ஃபா க்ளிக் 3. பெயர் ஜெர்மன் கம்பெனியுடையது, செய்தது பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ். அறுபது, எழுபதுகளில் நடுத்தரக் குடும்பம் ஒன்றில் கேமரா இருந்தால் அது பெரும்பாலும் க்ளிக்காகவோ அதே இடத்தில் செய்த ஐசோலியாகவோ இருக்கும். பம்பாயில் வேலை கிடைத்த மாமா முதல் தடவை ஊருக்கு வந்தபோது தங்கைக்காக வாங்கி வந்தார்.

அதில் சரிசெய்ய ஒன்றும் கிடையாது. ஃபோகஸ் இல்லை. ஏறத்தாழ பத்தடிக்கு அப்பால் இருப்பது தெளிவாக விழும், கிட்டே போனால் மங்கும். வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி, நெம்புகோலை எந்தப் பக்கம் தள்ளுவது என்பது ஒன்றுதான் நாம் முடிவு செய்வது. ஷட்டர் திறந்து மூடும் நேரம் ஏறத்தாழ விநாடியில் முப்பதில் ஒரு பங்கு. மாவாட்டும் கை அதற்குள் கொஞ்சம் நகர்ந்துவிடும். அப்பாயியின் கை புகையானது அதனால்தான்.

பின்பக்கம் சிவப்புக் கண்ணாடி பதித்த ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ஃபிலிமின் முதுகில் ஒட்டிய தாளில் அச்சிட்ட எண் அதில் தெரியும். அடுத்த எண் வரும்வரை திருகைச் சுற்ற வேண்டும். ஒருமுறை அம்மா சுற்ற மறந்துவிட்டாள், ஒரே இடத்தில் இரண்டு படம் விழுந்துவிட்டது. காவிரிப் படிக்கட்டில் எங்கள் வீட்டுப் பசுமாடு நிற்கிற மாதிரி ஒரு படம் இருக்கிறது. மாடு பொன்மலையில், படிக்கட்டு ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்தில்.

பழைய படங்களில் எல்லோரும் ஏன் வெளியே நின்று கண்ணைச் சுருக்குகிறார்கள்?

ஃப்ளாஷ் இல்லாத கேமராவுக்கு வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. அதனால் வாசல், வராந்தா, கொல்லை, மொட்டை மாடி. சூரியன் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று கேமராவோடு வரும் தாளிலேயே போட்டிருப்பார்கள். அப்படியானால் வெயில் நிற்பவர்கள் முகத்தில்தான் அடிக்கும்.

அம்மா கொஞ்ச நாளில் இதிலிருந்து விலகிவிட்டாள் என்பது ஆல்பத்தை வரிசையாகப் பார்த்தால் புரியும். 1970 வாக்கில் எடுத்தவற்றில் எல்லோரும் விறைப்பாக, கண் இடுங்கி நிற்கிறார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து வெயில் பக்கவாட்டில் வருகிறது. ஆட்கள் நிற்காமல் ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். முறம் புடைக்கிறார்கள், சைக்கிள் துடைக்கிறார்கள், தலை பின்னுகிறார்கள். “சிரிங்க” என்று அம்மா யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. “நீங்க பாட்டுக்கு இருங்க” என்பாள். நான் இன்றைக்கும் ஆட்களைப் படம் எடுக்கும்போது அந்த வாக்கியத்தைத்தான் சொல்கிறேன். அது அம்மாவின் வாக்கியம் என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஒரு ரோலுக்கு 12 படம் என்றால் எப்படிச் சமாளித்தார்?

அந்தக் கேமராவில் போடும் ஃபிலிம் ரகத்துக்கு 120 என்று பெயர். அதில் ஆறு சென்டிமீட்டர் சதுரமாக 12 படம் விழும். எங்கள் வீட்டில் ஒரு ரோல் மூன்று நான்கு மாதம் கேமராவிலேயே இருக்கும். பொங்கலுக்கு இத்தனை, ஆடிப்பெருக்குக்கு இத்தனை என்று அம்மா மனதுக்குள் பிரித்து வைத்திருப்பாள். அப்பா கொண்டுவந்த பழைய ரயில்வே டைரி ஒன்றில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதுவாள். “5. காலை 10. வெயில். அம்மா மண்டபம். சின்னவன் அசைஞ்சுட்டான்.” அவ்வளவுதான்.

ரோலைக் கழுவக் கொடுப்பது தனிச் செலவு, பிரிண்ட் போடுவது தனிச் செலவு. அதனால் கழுவி வந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாலோ ஐந்தோ குறித்துக் கொடுப்பாள். மற்றவை அப்படியே உறைக்குள் போய்விடும். ஒரு ஸ்டுடியோவில் ரோலே தொலைந்துபோனது. டைரியில் அந்த 12 வரிகளும் இருக்கின்றன, படம் ஒன்றுகூட இல்லை. மற்ற எந்தப் பக்கத்தைவிடவும் அந்தப் பக்கத்தை அதிகம் படித்திருக்கிறேன்.

நெகட்டிவ் உறையில் ‘இந்து’ என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

ஊட்டியில் செய்த ஃபிலிம். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960இல் தொடங்கி, 1967இல் உற்பத்தியை ஆரம்பித்தது. அதன் வணிகப் பெயர் இந்து (Indu). ஃபிலிமுக்கு மருந்து பூசும் வேலையில் தூசி பெரிய எதிரி, குளிர்ந்த தூய்மையான மலைக்காற்று வேண்டும். அதற்குத்தான் நீலகிரி. கறுப்பு வெள்ளை ஃபிலிம், பிரிண்ட் தாள், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. கலர் பரவியபோது தடுமாறியது, டிஜிட்டல் வந்தபோது எழவே முடியவில்லை. ஆலை மூடிவிட்டது. ஊட்டியில் இந்து நகர் என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

என் அம்மாவின் உறைகளில் பாதிக்கு மேல் இந்துதான். ஐம்பது வருடம் ஆகியும் அந்த நெகட்டிவ்கள் நன்றாக இருக்கின்றன. அந்தத் தொழிலாளர்களின் கைவேலை இது என்பதை ஸ்கேன் செய்யும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டுப் படம் எந்த வருடத்தியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் படத்தைத் திருப்புங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சில் எழுத்து, தாள் கம்பெனியின் பெயர், ஏதாவது ஒன்று இருக்கும். சிறிய சதுரப் படம் என்றால் பெரும்பாலும் 120 கேமரா, நம் ஊரில் ஐம்பதுகளிலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை. நீள்சதுரமான கலர்ப் படமும் ஆரஞ்சு நிற நெகட்டிவும் என்றால் அதற்குப் பிந்தியது. இன்றும் கலர் ஃபிலிம் கழுவப் பயன்படும் சி-41 முறையே 1972இல்தான் வந்தது. நான் பார்த்த திருச்சி, தஞ்சாவூர்க் குடும்ப ஆல்பங்களில் கலர் எண்பதுகளில்தான் எட்டிப் பார்க்கிறது. மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி விழுந்திருந்தால் தொண்ணூறுகளாக இருக்கும். அந்தத் தேதியை மட்டும் நம்ப வேண்டாம், பேட்டரி மாற்றியபின் யாரும் அதைத் திருத்தி வைப்பதில்லை.

இதையெல்லாம்விட நம்பகமானது படத்துக்குள் இருப்பது. பிள்ளையின் வயது, புதுக் கட்டடம், சுவரில் தேர்தல் சின்னம், நாட்காட்டி. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

படத்தில் இருப்பது யார் என்றே தெரியவில்லை. என்ன செய்யலாம்?

வீட்டில் மூத்தவரிடம் இன்றைக்கே உட்காருங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போட்டு நான் இழந்த பெயர்கள் நிறைய. “இது யாரு?” என்று மட்டும் கேட்டால் “தெரியலயே” என்று முடிந்துவிடும். “இந்த வீடு எங்க இருந்துச்சு?”, “இந்தப் புடவை யாரோடது?”, “இது எந்த விசேஷம்?” என்று கேளுங்கள். புடவையைக் கேட்டால் ஆள் வருவார். எங்கள் அம்மாச்சி ஒரு படத்தில் இருந்த பித்தளைக் குடத்தை வைத்து ஐந்து பேரைச் சொன்னாள்.

பேசுவதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பெயரைப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் புடைத்துத் தெரியும், மை ஊறும்.

ஆல்பத்தில் ஒட்டிய படங்களை எடுக்கலாமா?

மூலை செருகியிருந்தால் எடுக்கலாம். பசை போட்டு ஒட்டியிருந்தால் எடுக்காதீர்கள், தாளோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தைப் பசைக்கோடுகள் மேல் வைத்து மூடும் ஆல்பம் ஒன்று எண்பதுகளில் எல்லார் வீட்டிலும் இருந்தது. அதுதான் மிகவும் கெடுதல். அந்தப் பசை மஞ்சளாகிப் படத்தில் ஊறும். படம் இன்னும் தளர்வாக இருந்தால் சீக்கிரம் வெளியே எடுத்துவிடுங்கள். இறுகியிருந்தால் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவில் விட்டு மெதுவாக அறுத்து வாருங்கள். வளைக்கக் கூடாது. பயமாக இருந்தால் விட்டுவிடுங்கள். படம் தாளோடு இருப்பது கிழிவதைவிட மேல்.

ஒரு விஷயம்: எடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் முழுசாக ஒரு படம் எடுத்து வையுங்கள். எதற்குப் பக்கத்தில் எதை வைத்தார்கள் என்பதும் அவர்கள் செய்த வேலைதான். என் அம்மா அப்பாயியின் முதுகுப் படத்துக்கு எதிர்ப் பக்கத்தில் காலி ஆட்டுக்கல்லை வைத்திருக்கிறாள்.

சட்டம் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிரிக்கவே பிரிக்காதீர்கள். படத்தின் மேல் பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகிக் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியில் நிற்கும், வெள்ளைத் தாள் கையில் வரும். நான் ஒருமுறை கண் முன்னால் பார்த்தேன், ஒரு தாத்தாவின் கன்னம் போய்விட்டது. கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து எடுங்கள். அல்லது ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, எதிரே கறுப்புத் துணி தொங்கவிட்டு, பிரதிபலிப்பு இல்லாமல் கேமராவால் எடுங்கள். இனிமேல் மாட்டும் படங்களுக்குக் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் ஓர் அட்டை ஓரம் வைக்கச் சொல்லுங்கள்.

படம் மஞ்சளாவதும் சிவப்பாவதும் வெள்ளி மாதிரி மின்னுவதும் ஏன்?

கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள். காற்றும் ஈரமும் பட்டு அந்த வெள்ளி மேற்பரப்புக்கு வந்து படிந்தால் கறுப்பான இடங்களில் நீல மினுமினுப்பு தெரியும், ஓரங்களில் அதிகமாக. மஞ்சள் பெரும்பாலும் கழுவிய குறை. படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ உப்பைத் தண்ணீரில் நன்றாக அலசாவிட்டால் அது தாளிலேயே தங்கி, வருடம் போகப்போக வேலையைக் காட்டும். கோடையில் தண்ணீர்க் கஷ்டம் இருந்த ஊர்களில் ஸ்டுடியோக்காரர்கள் என்னதான் செய்வார்கள்.

கலர்ப் படத்தில் வெள்ளி கிடையாது, மூன்று சாயங்கள்தான். எழுபதுகளின் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்தாலும் மெல்ல மறைந்துவிடும். அது போனால் மிச்சம் சிவப்பு. அதனால்தான் அந்தக் காலக் கல்யாணங்கள் எல்லாம் செங்கல் நிறத்தில் இருக்கின்றன.

வெள்ளத்தில் நனைந்த படங்களைக் காப்பாற்ற முடியுமா?

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி நிறைய வந்தது. முடியும், இரண்டு நாளுக்குள் கை வைத்தால். காயவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், எனவே நனைந்தே இருக்கட்டும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஒவ்வொன்றாக மிதக்கவிட்டுச் சேற்றை நீக்குங்கள். முகத்தைத் தேய்க்கக் கூடாது. பிறகு முகம் மேலே பார்க்க, நிழலில், பஞ்சு ஒட்டாத துணிமேல் பரப்புங்கள். ஆயிரம் படம் இருக்கிறது, நேரமில்லை என்றால் நடுவே மெழுகுத் தாள் வைத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பிறகு நிதானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். நெகட்டிவும் பிரிண்ட்டும் இருந்து இரண்டுக்கும் நேரமில்லை என்றால் நெகட்டிவை முதலில் எடுங்கள்.

சாதாரண நாட்களில் பரண் வேண்டாம், அங்கே வெக்கை அதிகம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் இறங்கும். உள்ளறை பீரோவில் நடுத்தட்டு போதும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள், பாச்சை உருண்டை போடாதீர்கள்.

பிரிண்ட் இருக்கிறதே, நெகட்டிவை ஏன் ஸ்கேன் செய்ய வேண்டும்?

பிரிண்ட் அவர்கள் நமக்குக் காட்ட நினைத்தது. அவர்கள் பார்த்தது முழுவதும் நெகட்டிவில் இருக்கிறது.

அம்மாவின் உறைகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தன. ஆல்பத்தில் 140 படம்தான். டப்பாவில் 500க்கு மேல். ஒவ்வொரு எண்ணுக்கும் டைரியில் வரி இருந்தது. அதில் 1974 உறையைத் திறந்தேன். ஆட்டுக்கல் படம் ஆறாவது. ஐந்தும் ஆறும் ஏழும் ஒரே இடம். 12இல் மூன்றை அம்மா அப்பாயிக்காகச் செலவழித்திருக்கிறாள். ஐந்தாவதில் கொண்டை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. ஆறாவது நாங்கள் பார்த்து வளர்ந்தது. ஏழாவதில் அப்பாயி திரும்பிவிட்டாள்.

ஸ்கேனர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் தென்னை மட்டை, அப்புறம் சுவர், அப்புறம் நெற்றி. கை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள் போல, குழவி தெளிவாக இருக்கிறது, விரல்களில் மாவு தெரிகிறது. நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். கோபமில்லை. ‘பிடிச்சுட்டியா?’ என்று கேட்கிற முகம். சிரிப்பு வருவதற்கு ஒரு கணம் முன்னால். முப்பது வருடமாகக் கூடத்தில் மாட்டியிருந்த அந்த வரைந்த கண் அப்பாயியின் கண் இல்லை என்று இவ்வளவு நாள் உள்ளுக்குள் தெரிந்திருந்தது. அன்றைக்குத்தான் அவள் கண்ணைப் பார்த்தேன்.

டைரியில் ஏழாவது எண்ணுக்கு எதிரே “அத்தை” என்று மட்டும் இருந்தது.

எந்த ஸ்கேனர்? போன் போதாதா?

நெகட்டிவுக்கு மூடியிலும் விளக்கு உள்ள ஸ்கேனர் வேண்டும். 120 நெகட்டிவில் படம் 56 மி.மீ. சதுரம். 2400 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 2400 புள்ளி வீதம் எடுத்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 5300 புள்ளிகள், மொத்தம் 2.8 கோடி. இவ்வளவு போதும். பிரிண்ட்டுக்கு 600 டிபிஐ, மிகச் சிறிய பிரிண்ட்டுக்கு 1200. மூலக் கோப்பைத் தரம் குறையாத டிஃப் (TIFF) ஆக வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு அளவில் சிறிய ஜேபெக் (JPEG) எடுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில்.

ஸ்கேனர் இல்லாவிட்டால் டேப்லெட்டில் வெள்ளைத் திரையை ஏற்றி, இரண்டு விரல் உயரத்தில் நெகட்டிவைத் தூக்கிப் பிடித்து போனில் எடுத்து நிறத்தைத் தலைகீழாக்குங்கள். இடைவெளி விடாவிட்டால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இது தாராளமாகப் போதும்.

பழைய படத்துக்கு வண்ணம் ஏற்றும், முகத்தைத் தெளிவாக்கும் செயலிகளைப் பயன்படுத்தலாமா?

தூசியும் கீறலும் எடுங்கள், வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். முகத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்தச் செயலி உங்கள் தாத்தாவை அறியாது. இல்லாத கண்ணிமையை ஊகித்துப் போடும். 1981இல் அந்த ஸ்டுடியோ தூரிகையால் செய்ததை இது நொடியில் செய்கிறது. அடுத்த தலைமுறைக்கு அதுதான் தாத்தா ஆகிவிடும். செய்துதான் தீருவேன் என்றால் மூலத்தைத் தொடாமல் தனிக் கோப்பாக வைத்து, பெயரிலேயே ‘செயலி திருத்தியது’ என்று எழுதுங்கள்.

நம் ஊர்ப் பழைய படங்களைப் பற்றி மேலும் எங்கே பார்க்கலாம்?

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. இணையத்தில் பார்க்கலாம். யாரோ ஒருவரின் அப்பாயிகள்தான் எல்லாம். இன்னும் பின்னால் போக வேண்டுமானால் லின்னேயஸ் டிரைப். 1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சாவூர், திருச்சி எல்லாம் சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையை 21 படங்களாக எடுத்து நீளமாக ஒட்டி ஒரே படமாக்கினார். எங்கள் மலைக்கோட்டையை 1858இன் வெளிச்சத்தில் பார்ப்பது தனி அனுபவம்.

அம்மாவின் கேமராவில் இப்போதும் படம் எடுக்க முடியுமா?

முடியும். 120 ஃபிலிம் இன்றும் தயாராகிறது. உள்ளே துடைத்து, லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, ஷட்டர் மூடுகிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான். போன வருடம் என் மகளிடம் ஒரு ரோல் போட்டுக் கொடுத்தேன். முதல் நாளே ஆறு எடுத்துவிட்டாள். மிச்சம் ஆறுக்கு இரண்டு மாதம் ஆனது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் வந்து “இதை எடுக்கலாமா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

அப்பாயியின் அந்த ஏழாவது படத்தைப் பிரிண்ட் போட்டீர்களா?

எல்லோரும் கடைசியில் இதைத்தான் கேட்கிறார்கள்.

ஸ்கேன் செய்த அன்றே பெரிதாகப் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கலாம். கை வரவில்லை. நெகட்டிவை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். “ஏம்மா, அப்பாயி செத்தப்பகூட இதக் குடுக்கலயே?” என்று கேட்டேன். “வராதுன்னு சொல்லியிருந்தேன்ல” என்றாள். “அப்பா கேட்டாரே?” “உங்கப்பாவுக்கு இது இருக்கிறதே தெரியாது.” கொஞ்ச நேரம் கழித்து, “வார்த்தை குடுத்தது நான். நீ அவங்க பேரப்புள்ள. உனக்கு என்ன தோணுதோ செய்யி. ஆனா ஆல்பத்துல வைக்காத” என்றாள்.

ஒரே ஒரு பிரிண்ட் போட்டேன், நெகட்டிவ் அளவிலேயே, ஆறு சென்டிமீட்டர். அது டைரியில், அந்த ஏழாம் எண் வரி இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அப்பாயியைப் பற்றிக் கேட்பவர்களுக்குக் காட்டுவேன், போனில் படம் எடுக்க விடுவதில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்திலும் அது இல்லை.

பிரிண்ட்டை அம்மாவிடம் கொடுத்தபோது கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் விரலால் அப்பாயியின் கன்னத்துப் பக்கம் காட்டி, “இங்க இருட்டிருச்சு பாரு. அதுக்குள்ள மேகம் வந்துருச்சு, நான் மாத்தாம வெயில்லயே வச்சிருந்தேன்” என்றாள்.